அய்யம்பெருமாள் சாரின் அரியலூர்ப் பயணம்

காலை பதினொன்று இருபதுக்கு ஜோதியின் கைபேசியில் 'அப்பா' என்று பெயர் வந்தது. பேசியவர் பஸ் கண்டக்டர்.

"இவரு உங்களுக்கு என்ன வேணுங்க? குன்னம் தாண்டி எழுப்புனேன், எந்திரிக்கல..."

லடாக் வரை போய்த் திரும்பிய அய்யம்பெருமாள் சார், ரயில் டிக்கெட் போடக் கிளம்பி அரியலூர் பஸ்ஸில் உயிரை விட்டார்.

முப்பத்து மூன்று வருடம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பிறகு பதின்மூன்று வருடமாக, இந்தியா தன்னிடம் பரீட்சை எழுதியதுபோல ஊர் ஊராகப் போய் மார்க் போட்டுவந்தார். தாஜ்மகாலுக்கு அறுபத்தெட்டு. காசிக்கு முப்பத்தைந்து, அதுவும் பாவம் பார்த்து. முடிவுகள் செட்டிகுளம் டீக்கடையில் வெளியாகும்.

மனைவி வேம்பு புளிச்சோறு கட்டிக் கொடுப்பாள். வந்ததும் துணி துவைப்பாள். "இது ராஜஸ்தான் மண்ணு, லேசுல போவாது" என்று அழுக்கை வைத்தே ஊரைச் சொல்வாள். அவள் கண்ட தேசம் அவ்வளவுதான். பெரம்பலூர்ப் பக்கம் ரயில் கிடையாது. அரியலூர் போனால்தான் உண்டு. வேம்பு ஒருமுறைகூட ரயில் ஏறியதில்லை.

ஜோதி சண்டை போட்டபோதெல்லாம் அப்பாவிடம் ஒரே பதில்: "அம்மாவுக்கு மூட்டுவலி. அலைச்சல் தாங்காது." அந்த மூட்டோடு தினமும் எட்டுக் குடம் தண்ணீர் சுமப்பது அவர் பாடத்திட்டத்தில் அலைச்சலில் சேராது.

போன வாரம் என்ன தோன்றியதோ, "ராமேஸ்வரம் போறேன். நீயும் வா" என்றார். வேம்பு தெரு முழுக்கச் சொன்னாள். புதுப்பை வாங்கினாள். பக்கத்து வீட்டுக் கொளஞ்சி மட்டும் நம்பவில்லை.

"ஸ்டேஷன்ல பைய வாங்கிக்கிட்டு உன்னயத் திருப்பி அனுப்பிருவாரு, பாருக்கா."

அன்று மாலை, கண்ணாடிப் பெட்டிக்குள் சார் கிடந்தார். அழுகைக்கு நடுவே வேம்பு மகளின் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் சேத்துத்தான் டிக்கெட் போடப் போனாராடி?"

கொளஞ்சி வாயைத் திறப்பதற்குள் ஜோதி எழுந்து உள்ளே போனாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கவரில் அப்பாவின் சட்டை இருந்தது. சட்டைப்பையில் நாலாக மடித்த முன்பதிவுப் படிவம். ஒரு பெயர்தான் இருக்கும் என்று எண்ணியபடியே பிரித்தாள். வெளியே கொண்டுவந்தாள்.

"படிடி."

"மொதல்ல அப்பா பேரு. ஆண், எழுபத்தொண்ணு. கீழ்ப் படுக்கை. ரெண்டாவது... வேம்பு. பெண். மேல் படுக்கை."

"மூட்டுவலிக்காரிய மேல ஏத்திட்டு மனுசன் கீழ படுத்துக்கப் பாத்துருக்காரு!" என்றாள் கொளஞ்சி.

"மேல படுத்தா என்னடி? ரயிலு ஒண்ணுதான?"

வேம்பு படிவத்தை வாங்கினாள். ஜோதி காட்டிய இடத்தில் தன் பெயரைத் தடவினாள். பிறகுதான் அவளுக்கு உரக்க அழுகை வந்தது.

ஜோதி ஒன்றை மட்டும் படிக்காமல் விட்டிருந்தாள். இமயமலைச் சிகரங்களின் உயரத்தையெல்லாம் மீட்டர் பிசகாமல் ஒப்பிக்கும் மனிதர், நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளின் வயதை எழுத வேண்டிய கட்டத்தை நிரப்பியிருக்கவில்லை.