உயிரோடு இருந்தவனுக்கு ஒப்பாரி

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் குறிப்பேட்டில் அந்த நாள் ஒரே வரியில் முடிந்திருக்கிறது: ‘இறந்த நண்பனை எண்ணி உருகும் இளைஞனைப் பற்றிய குறும்படம் திரையிடப்பட்டது.’ 1994, சனிக்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸ் சங்க மண்டபம். ஆண்டும் கிழமையும் சரி. மற்றது பொய். அந்தப் படத்தில் யாரும் சாகவில்லை. அதற்குப் பியானோ வாசித்தவன் நான்.

எடுத்தவன் என் நண்பன். கிள்ளானில் கல்யாண வீடியோ எடுப்பது அவன் தொழில். படம் பதினொரு நிமிடம். ஓர் ஆண், தான் நேசிக்கும் ஆணின் போட்டோவை அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். கடைசிக் காட்சியில் அதை எடுத்து, வருகிறவர் போகிறவர் பார்க்கும்படி கூடத்துச் சுவரில் மாட்டுகிறான். வசனம் இல்லை.

“நம்மாளுங்க செவுத்துல போட்டோ பாத்தா செத்துட்டாங்கன்னுதான் நெனைப்பாங்க. இவன் உசுரோட இருக்கான்னு உன் பியானோதான் சொல்லணும்,” என்றான் நண்பன்.

மாதா கோயில் மண்டபத்துப் பழைய பியானோவில் நான்கு வாரம் திணறினேன். துள்ளி நடக்கிற ஒரு மெட்டு வேண்டியிருந்தது. என் அலமாரியிலும் அப்படி ஒரு போட்டோ இருந்தது; விரல்கள் எப்படித் துள்ளும்? கடைசியில் வந்தது.

திரையிட்ட அன்று ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் சங்கச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். கடைசிக் காட்சி வந்ததும் குமிழைத் திருகிப் படத்தின் பியானோ ஒலியை நிறுத்தினார். தயாராக வைத்திருந்த கேசட்டைப் போட்டார். வயலின் அழுதது.

முன்வரிசையில் ஓர் அம்மா உச்சுக்கொட்டினார். “ஐயோ, கூட்டாளி செத்துட்டானா? பாவம் லா.”

“ஆக்சிடென்ட்டா இருக்கும்,” என்றார் பக்கத்திலிருந்தவர்.

நண்பன் தலை குனிந்துகொண்டான். நான் எழுந்து போனேன்.

“என்னண்ணே பண்றீங்க?”

“உங்க நல்லதுக்குத்தான் தம்பி. செத்துட்டான்னா அழுதுட்டுப் போயிடுவாங்க. உசுரோட இருந்தா நாளைக்குத் திட்டி எனக்குத்தான போன் வரும்.”

அவர் நல்ல மனிதர் என்று இன்றும் சொல்கிறார்கள். செத்தால்தான் இரக்கம் என்பவரிடம் என்ன நல்லது? நான் படித்த நாவல்களிலும் எங்களைப் போன்றவர்கள் கடைசிப் பக்கத்துக்குள் செத்துப்போகிறார்கள். எழுதியவர்களுக்கும் நல்ல மனிதர்கள் என்றே பெயர்.

கேசட்டைப் பிடுங்கினேன். வீடியோவைப் பின்னால் ஓட்டிக் குமிழை முழுவதும் திருகினேன். “கடைசி மூணு நிமிஷம் மறுபடியும். இந்தத் தடவ அதோட சத்தத்தோட.”

ஆணி அடிக்கும் ஓசை. பிறகு பியானோ. நாற்காலிகள் உரசின. உச்சுக்கொட்டிய அம்மா பாதி எழுந்து நின்றார்.

“அப்போ இவன் சாகலையா?”

“இல்ல ஆன்டி.”

“பின்ன எதுக்குப் போட்டோ?”

“இவனுக்குப் புடிச்சவன், ஆன்டி,” என்றான் நண்பன். இப்போது தலை நிமிர்ந்திருந்தது.

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முடிவில் மண்டபத்தில் மிஞ்சியவர்கள் ஒன்பது பேர், எண்ணினேன். குறிப்பேட்டு வரியைத் திருத்தச் சொன்னேன். “பேனாவுல எழுதுனத அடிக்கக் கூடாது தம்பி,” என்றார் செயலாளர்.

மறுநாள் ஞாயிறு. காலையில் என் கூடத்துச் சுவரில் ஆணி அடித்தேன். கோபத்தில் அடித்ததால் முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது நின்றது.