மடியில் தூங்கியதற்கு மதிப்பெண் குறைத்தவர்

தராசு என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, அலுவலகம் வைத்தது. குழந்தைகள் காப்பகங்களுக்குப் போய், பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மதிப்பிட்டு எழுதும் வேலைக்கு வருவதற்கு முன், அவர் கடை கடையாக ஏறி இறங்கி எடைக்கற்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தார். அந்தப் பிரிவைக் கலைத்தபோது ஆட்களை ஆளுக்கொரு மூலையில் தூக்கிப் போட்டார்கள். இவர் போய் விழுந்த மூலையில் தொட்டில்கள் இருந்தன.

உத்தரவு வந்த அன்று மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது. "எடைக்கல்லு பார்த்தவர்கிட்ட கைக்குழந்தையா? அவங்களுக்கு வேற ஆளே கிடைக்கலியா?"

அவள் சிரித்ததில் நியாயம் இருந்தது. ஆள் நிலைக்கதவு உயரம். தொண்டையைச் செருமினால் தெருநாய் எழுந்து உட்காரும். சொந்த மகளைக் குளிப்பாட்டச் சொன்னால் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தவர்.

"நான் என்ன குழந்தையா வளர்க்கப் போறேன்? கதவுத் தாழ்ப்பாள் சரியா இருக்கா, பால் கெடாம இருக்கான்னு பார்க்கப் போறேன்," என்றார் அவர்.

முதலில் அதைத்தான் பார்த்தார். அறையின் நீள அகலத்தை நாடா பிடித்து அளந்தார். குளிர்பெட்டிக்குள் வெப்பமானியை வைத்தார். எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள் என்று எண்ணினார். இதெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். ஆனால் மாலைவரை அங்கேயே இருந்து பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் காப்பகத்திலேயே ஒரு குட்டி நாற்காலி அவர் பாரம் தாங்காமல் உடைந்துபோனதால், பிறகு எங்கே போனாலும் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். வேலையைக் கற்றுக்கொண்டது அந்தத் தரையில்தான்.

தரையில் உட்கார்ந்தவரைப் பிள்ளைகள் பார்க்கிற விதம் ஊருக்கு ஊர் மாறவில்லை. சட்டென்று, அவர்களைப் பார்த்துக்கொள்கிற ஏதாவது ஓர் அக்காவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அவள் உடுப்பை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு வீல் என்று அலறும். வெகுநேரம் கழித்து, துணிச்சல்காரப் பிள்ளை ஒன்று வந்து ஒரு மரக்கட்டையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு ஓட்டம் பிடிக்கும். வீட்டில் சொன்னால் மனைவி, "பிள்ளைங்களைப் பயமுறுத்துறதுக்கும் சம்பளம் குடுக்குறாங்களே," என்பாள். அவருக்கும் உள்ளூர வருத்தம்தான். பூச்சாண்டியாக இருப்பது யாருக்குப் பிடிக்கும்?

அதனால் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், பேட்டரிக் கடை மாடியில் இருந்த அந்தக் காப்பகத்துக்குள் நுழைந்தபோது முதலில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து முடிக்குமுன் ஏழெட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து மேலே விழுந்தார்கள். ஒருவன் முதுகில் ஏறினான். இன்னொருத்தி கைக்கடிகாரத்தைத் திருகினாள். சுருட்டை முடியோடு, இரண்டு வயதுகூட நிரம்பியிராத ஒரு பெண் குழந்தை, பேச்சும் இல்லை சிரிப்பும் இல்லை, நேராக வந்து மடியில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே தூங்கிவிட்டது.

காப்பகத்தை நடத்துகிற அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளின் பெற்றோர் முதல் கீழே பேட்டரிக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் நர்ஸம்மா.

"பாருங்க சார், பயம்னா என்னன்னே தெரியாத பிள்ளைங்க. எல்லார்கிட்டயும் ஒட்டிக்கும்."

அவர் தலையாட்டினார். மடியில் கிடந்த குழந்தையின் சுருட்டை முடி வியர்த்திருந்தது. ஆசைப்பட்டது கைக்கு வந்தும் அவருக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. என்னை இவளுக்குத் தெரியாது, என் பெயர் தெரியாது, என் முகத்தைக்கூட இவள் சரியாகப் பார்க்கவில்லையே என்று நினைத்தார். இத்தனை அக்காமார் சுற்றியிருக்க, இவளுக்கு என் மடி எதற்கு?

குறை சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. தரை பளபளத்தது. சோறு சூடாக இருந்தது. துணி மாற்றுவது, வாய் துடைப்பது, மருந்து தருவது எல்லாம் மருத்துவமனை ஒழுங்கு. ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்தப் பாப்பாவை யாரும்மா பார்த்துக்குறாங்க?"

"இந்த வாரமா? கண்ணாடியக்கா." மூக்குக்கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். "வாரா வாரம் மாத்திடுவேன் சார். யாரும் எந்தப் பிள்ளைக்கும் சொந்தம் கொண்டாடக் கூடாது."

"ஏன்?"

நர்ஸம்மா ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தார். "ஆரம்பத்துல மாத்தாமத்தான் வச்சிருந்தேன். ஒரு பொண்ணு வேலையை விட்டுட்டுப் போயிட்டா. அவகிட்ட வளர்ந்த பையன் அன்னம் தண்ணி தொடலை. ஆளே உருகிப் போயிட்டான். பெத்தவங்க தூக்கிக்கிட்டே போயிட்டாங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே ஒரு பிள்ளையும் இங்க அப்படி அழக் கூடாதுன்னு. ஒட்ட விட்டாத்தானே சார் பிய்க்கணும்?"

தராசு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆனால் தாளில், பராமரிப்பு என்ற தலைப்புக்கு நேரே, 'திருத்தம் தேவை' என்று எழுதிவிட்டு வந்தார்.

மறுவாரமே மேலதிகாரி கூப்பிட்டார். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர் அவர். "என்னய்யா தராசு, அந்தம்மா மேல்முறையீடு பண்ணியிருக்காங்க. எல்லாத்துலயும் முழு மார்க், இதுல மட்டும் குறைச்சிருக்கீங்க. காரணம் என்ன எழுதியிருக்கீங்க? 'குழந்தை என் மடியில் தூங்கியது'. தூங்கினதுக்கெல்லாமா மார்க் குறைப்பாங்க?"

"அது தூங்கியிருக்கக் கூடாது சார். என்னைப் பார்த்தா அழுதிருக்கணும்."

மேலதிகாரி பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "உங்களைப் பார்த்தா எனக்கே அழுகை வருது. மறுபடியும் போய் ஒரு நாள் உக்காருங்க. கண்ணால பார்த்ததை எழுதுங்க. இல்லைன்னா மார்க்கைத் திருப்பிக் குடுத்துடுங்க."

அவர் மறுபடி போனபோது நர்ஸம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீங்க எங்க உக்காருறீங்களோ, நானும் அங்கேயே உக்காருறேன். நீங்க பார்க்குறதை நானும் பார்க்கணும்," என்று சொல்லி, முட்டிவலியோடு முனகிக்கொண்டே அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பேசாமல், வழக்கு நடக்கிற அண்ணன் தங்கை ஒரே வீட்டுக் கல்யாணத்துக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் அது நடந்தது. அன்று மடியில் தூங்கிய அந்தச் சுருட்டை பாய் ஓரத்தில் தடுக்கி விழுந்தாள். முகவாய் தரையில் மோதிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது. எழுந்து நின்றாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு எந்தப் பக்கமும் போகாமல் அங்கேயே நின்றாள். அதற்குள் இரண்டு அக்காமார் ஓடிவந்தார்கள். துடைத்தார்கள், மருந்து வைத்தார்கள், தட்டிக்கொடுத்தார்கள். மேசையைத் துடைத்தால் மேசை எப்படி நிற்குமோ அப்படி நின்றாள் அவள்.

"பார்த்தீங்களா? கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள வந்துட்டாங்க," என்றார் நர்ஸம்மா.

"அவங்க வந்தாங்கம்மா. அவ யார்கிட்டயும் போகலை."

நர்ஸம்மா சுருட்டையையே பார்த்தார். சாப்பாடு பரிமாறி, பிள்ளைகளைத் தூங்க வைத்து, விளக்கை அணைத்த பிறகும் அவர் தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார்:

"வார்டுல சும்மா சும்மா மணி அடிச்சு உசிரை வாங்குற நோயாளி இருப்பாங்க. திட்டிக்கிட்டே போவோம். அவங்களைப் பத்தி எனக்குக் கவலையே கிடையாது. வலி இருந்தும் மணி அடிக்காமப் படுத்திருப்பாங்க பாருங்க, அவங்களைத்தான் ராத்திரி நாலு தடவை போய்ப் பார்ப்பேன். இது எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சும் இப்படிப் பண்ணியிருக்கேன்."

தராசு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆறுதல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கையை நீட்டினார், நர்ஸம்மா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த வாரத்திலிருந்து வாரா வாரம் மாற்றுகிற ஏற்பாடு நின்றது. இந்தப் பிள்ளைகளுக்கு இந்த அக்கா என்று ஆனது. சுருட்டை கண்ணாடியக்காவின் பங்குக்கு வந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காப்பகத்தில் சத்தம் கூடிவிட்டது என்று பேட்டரிக் கடைக்காரர் முறையிட்டார். தண்ணீர் கேன் போட வருகிறவரைக் கண்டு சுருட்டை முதல்முறையாகக் கத்தினாள். கண்ணாடியக்காவின் இடுப்பில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தாள். நர்ஸம்மா இதையெல்லாம் தொலைபேசியில் அவரிடம் சொன்னபோது குரலில் கோபம் பாதி, வேறெதுவோ பாதி இருந்தது. அவரும் தாளில் திருத்தி எழுதினார். கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு விடுமுறை நாளுக்கு மறுநாள் காலை, மறுபடி தொலைபேசி அடித்தது. நர்ஸம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கேக்குதா சார்?"

கேட்டது. ஒரு குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போய், இழுத்து இழுத்து அழுகிற சத்தம்.

"கண்ணாடியக்கா நின்னுட்டா. வீட்டுக்காரருக்கு வெளியூருக்கு மாத்தல். அஞ்சு நாளா இது இங்க சாப்பிடலை. செருப்பு வைக்கிற அலமாரிகிட்டயே நிக்குது. அவ உள்ள போட்டுக்குற செருப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இதுக்குத்தானே நான் பயந்தேன்? நீங்க மார்க் போட்டுட்டுப் போயிட்டீங்க. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

அவர் "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையைத் தேடினார். தராசு சரியில்லை என்றால் வாங்குகிறவனுக்கு நாலு காசு நட்டம்; இதைச் சரிசெய்ய எந்தக் கல்லை வைப்பது?

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது உங்க வேலையாங்க?"

"இல்ல."

"அப்புறம்?"

நடந்ததைச் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள். "அந்தப் பொண்ணு எப்படிப் போனா? சொல்லிட்டுப் போனாளா?"

"பாப்பா தூங்குறப்ப போயிட்டாளாம். அழ விட வேணாம்னு நர்ஸம்மாதான் சொன்னாங்களாம்."

"நீங்களும் அப்படித்தான் போவீங்க," என்றாள் மனைவி. "ஊர் ஊரா சோதனைக்குப் போற காலத்துல, நம்ம பாப்பா தூங்குறாளான்னு பார்த்துட்டு நைசா கிளம்பிடுவீங்க. எழுந்து கட்டிலுக்கு அடியில தேடுவா. துணிக்கூடைக்குள்ள தேடுவா. ஒரு தடவை நீங்க கிளம்புறப்ப முழிச்சுக்கிட்டா; சொல்லிட்டுத்தான் போனீங்க. அன்னைக்கு ஊரே கூடுற மாதிரி அழுதா. ஆனா தேடலை."

"இதை ஏன் நீ என்கிட்ட சொல்லவே இல்ல?"

"திரும்பி வர்றப்ப களைச்சுப் போய் வருவீங்க," என்றாள் அவள்.

அவர் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். அவள் அதை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

கண்ணாடியக்கா இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். மனைவி சொன்னதைத் தராசு வந்து சொன்னதும் நர்ஸம்மா அவளைக் கூப்பிட்டார். அவள், "நான் வந்தா இன்னும் அதிகமா அழுமே," என்று தயங்கினாள். "அழட்டும். நீ வா," என்றார் நர்ஸம்மா.

அன்று மதியமே வந்தாள். சுருட்டை அலமாரிக்குப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. கையிலிருந்த செருப்பை ஓங்கி அவள்மேல் எறிந்தாள். அது கண்ணாடியில் பட்டு, கண்ணாடி கழன்று விழுந்தது. யாரும் திட்டவில்லை. கண்ணாடியக்கா கண்ணாடியை எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா வேற ஊருக்குப் போறேன்டா செல்லம். இனிமே வர மாட்டேன். நீ ஒண்ணும் தப்பு பண்ணலை. அக்காவுக்கு உன்னைப் பிடிக்கும்," என்றாள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ. சுருட்டை வந்து முதுகைக் காட்டிக்கொண்டு அவள் மடியில் உட்கார்ந்தாள். முகத்தைக் கடைசிவரை காட்டவில்லை. அடுத்த அறை அக்கா ஒருத்தி, பருமனான, பாட்டு நிற்காத பெண், பழத்தை மசித்து எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இவள் ஒரு வாய், அவள் ஒரு வாய் என்று ஊட்டினார்கள். கண்ணாடியக்கா மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் வாசலில் நின்று, பிள்ளை பார்க்கப் பார்க்கக் கையசைத்துவிட்டுப் படி இறங்கினாள். சுருட்டை மாடியே அதிர அழுதாள், பாட்டுக்கார அக்காவின் தோளில் மூக்கைத் தேய்த்தபடி. கண்ணாடியக்கா பேட்டரிக் கடை ஓரமாக நின்று, ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டுத்தான் பேருந்து ஏறினாள்.

மேலே, அழுகிற பிள்ளையைவிட நர்ஸம்மாவின் கண்தான் அதிகம் சிவந்திருந்தது. தராசு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதை வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். "முன்ன உருகிப் போனானே, அந்தப் பையன்கிட்டயும் இப்படிச் செஞ்சிருக்கலாம்ல சார்?" என்று கேட்டார். தராசு பொய் சொல்லவில்லை. "செஞ்சிருக்கலாம்மா," என்றார்.

சில வாரம் கழித்து மறுபடியும் தொலைபேசி.

"சார், இந்தச் சுருட்டை இப்ப அந்தப் பாட்டுக்காரியைப் பாத்ரூமுக்குக்கூட விட மாட்டேங்குது. வெளிய நின்னு கதவை உடைக்குது. அவ உள்ள இருந்து பாடிக்கிட்டே இருக்கணும், நிறுத்தினா போச்சு. இதுக்கு என்ன மார்க் போடுவீங்க?"

"பாட்டு எப்படி இருக்கும்மா?"

"சகிக்கலை," என்றார் நர்ஸம்மா.