மீட்பது எப்படி என்று நான் பேசிய நாள்

கண்டியில் நடந்த டேட்டாபேஸ்காரர்களின் மாநாட்டில் என்னைப் பேசக் கூப்பிட்டதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இலவச டேட்டாபேஸை வைத்துப் பிழைக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மண்டபத்தில் கூடி, தாங்கள் பட்ட பாட்டை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கூட்டம் அது. எனக்குக் கிடைத்த தலைப்பு, அழிந்த டேட்டாவை மீட்பது எப்படி.

மனைவியையும் கூட்டிப்போனேன். பல்லேகலவில் ஒரே ஆடைத் தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. அவள் தையல் பிரிவில் ஒரு லைனுக்குச் சுப்பர்வைசர், நான் கம்பியூட்டர் பிரிவு. கூட்டம் முடிந்து நாவலப்பிட்டிக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அது ஒரு சாக்குத்தான். நான் மேடையில் நிற்பதை அவள் பார்க்க வேண்டும். வீட்டில் என் பேச்சை யார் கேட்கிறார்கள்?

முதல் ஸ்லைடிலேயே உபதேசம். நிஜ டேட்டாபேஸ் திறந்திருக்கும் திரையைச் சிவப்பாக வையுங்கள், பரிசோதனைத் திரையோடு குழம்பாது என்றேன். எல்லோரும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள். என் லெப்டொப்பில் இரண்டுமே கறுப்பு. சிவப்பு கண்ணைக் குத்துகிறது என்று நான் மாற்றவே இல்லை. போதாக்குறைக்கு, காலையில் எதையோ பார்க்கத் திறந்த தொழிற்சாலையின் நிஜ டேட்டாபேஸ் திரையை மூடாமலும் வந்திருந்தேன்.

"இப்ப பாருங்க, ஒரு டேபிளையே அழிக்கப் போறேன்" என்று கையைச் சுழற்றித் தட்டினேன். அழிந்தது. அப்புறம்தான் திரையின் மூலையில் இருந்த பெயரைப் பார்த்தேன். அழிந்தது தொழிற்சாலையின் நிஜ வருகைப் பதிவு. யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், யார் மேலதிக நேரம் நின்று ஓட்டி செய்தார்கள், எல்லாம் அதில்தான். அதைப் பார்த்துத்தான் சம்பளம் போடுவார்கள்.

வேலை போனது என்றே நினைத்தேன். "இப்ப... மீட்போம்" என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. முன்பே பிரதியெடுத்து வைத்திருந்த பேக்கப்பைக் கூப்பிட்டேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாகவும் வேண்டிக்கொண்டேன். எண்கள் திரையில் ஊர்ந்து ஊர்ந்து போய் நின்றன. டேபிள் திரும்பி வந்திருந்தது.

மண்டபமே கைதட்டியது. கெலிஓயாவிலிருந்து வந்த ஏற்பாட்டாளர் மேடைக்கே வந்து தோளில் தட்டினார். "மாஷா அல்லாஹ், மீட்டத விட நீங்க பயந்த மாதிரி நடிச்சீங்களே, அதுதான் மிச்சம் நல்லம். அடுத்த முறையும் இதையே செய்ங்க."

நானும் வெட்கமே இல்லாமல் சிரித்துவைத்தேன். கேள்வி உண்டா என்று வேறு கேட்டேன்.

முன்வரிசையில் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி எழுந்தாள்.

"என்னாங்க..."

சபை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"நேத்து எங்க லைன் பிள்ளைங்க இருட்டுற வரைக்கும் நின்னு ஓட்டி செஞ்சாங்க. அது வந்திருச்சா?"

தேடிப் பார்த்தேன். டேபிள் வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது. சனிக்கிழமையில் யார் வேலை செய்யப்போகிறார்கள் என்று அந்த நாளுக்குப் பேக்கப் வைக்காமல் விட்ட மகா புத்திசாலி நான்தான்.

"வரல" என்றேன். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது.

"அப்ப நாளைக்கு லைனுக்கு நீங்களே வந்து பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.