மூன்று கட்டங்களில் வைத்த சந்தனம்

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பின் பிளாக் ஒன்றில் உள்ள கோயிலின் வாசலில் பூ விற்பதற்கென்று தகரக் கூரையிட்ட சிறு கடை ஒன்றைக் கட்டி முடித்தார்கள். அதை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. வாசலில் பூ விற்றவர்கள் இருவர். ஒருத்தி பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்தவள். கணவனை இழந்த பிறகு, வாசலின் வலப்புறத்தில் நீலப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை இரண்டு கழிகளில் கட்டி, அதன்கீழ் மரப்பலகை போட்டு உட்கார்ந்தவள். மற்றவன் அவளுக்குப் பிறகு வந்தவன். கோயில் குழுவின் பொருளாளருடைய மனைவிக்கு உறவினன். இவனுக்கே கடை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்பதுதான் குழுவுக்குத் தெரியாமல் இருந்தது.

நான் சுரங்கத்தின் மின்பிரிவில் பணிசெய்து ஓய்வுபெற்றவன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடக்குத்தில் வீடு கட்டிக் குடியேறிய பின்னும், காலை அபிடேகத்தின்போது பதிகம் பாடுவதற்காக அந்தப் பழைய கோயிலுக்கே சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். குழுவில் எனக்கு இடமில்லை. ஆனால் பண்ணோடு பாடத் தெரிந்தவன் என்பதால், ஏதேனும் சாத்திரச் சிக்கல் வந்தால் ஐயாவைக் கேளுங்கள் என்பார்கள். கேட்டுவிட்டுத் தாங்கள் முன்பே நினைத்ததைச் செய்வார்கள்.

குழுவின் செயலாளர் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். டவுன்ஷிப்பில் இப்போது யாரும் கையில் பணம் கொண்டு வருவதில்லை. ஒரு முழம் மல்லிகைக்குப் பெரிய நோட்டை நீட்டிவிட்டு, சில்லறை இல்லை என்றால் பூவைத் திருப்பிக் கூடையில் எறிந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆகவே, கடை யாருக்கோ அவரிடம் க்யூஆர் அட்டை இருந்தாக வேண்டும். ஆயுத பூஜையன்று காலை குழுவே நேரில் சோதித்துப் பார்க்கும். இருவரிடமும் அட்டை வேலை செய்தால், முதலில் வந்து உட்கார்ந்தவருக்கே கடை. இதைப் பௌர்ணமிக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அந்தப் பெண்ணால் அட்டை வாங்க முடியாது என்பது அவருடைய கணக்கு. வங்கிப் புத்தகத்தில் அவள் பெயர் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும் இருந்ததை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவள் வாங்கிவிட்டாள். பெயரைத் திருத்த எத்தனை முறை பஸ் ஏறினாளோ, எத்தனை நாள் பூவை வாட விட்டாளோ, எனக்குத் தெரியாது. புரட்டாசி பிறந்தபோது அவளுடைய பலகைமேல் அந்த அட்டை நின்றது. பக்கத்தில், வந்த தொகையை உரத்த குரலில் சொல்லும் சிறு பெட்டி. கடலூரில் கல்லூரிக்குப் போய்வரும் அவள் மகள் அட்டையின் பின்பக்கத்தில் இன்னொரு க்யூஆரை ஒட்டிக் கொடுத்திருந்தாள். அதைப் படம் பிடித்தால் அவள் கட்டும் மாலைகளின் படங்களும் விலையும் போனில் விரியும். வீட்டிலிருந்தே மாலையைத் தேர்ந்து சொல்லிவிட்டு, காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தாமலே வாங்கிக்கொண்டு போனார்கள். சில்லறைச் சண்டை நின்றது. விலை பேசுகிறவர்கள் குறைந்தார்கள், பேச்சே குறைந்துவிட்டதால். ஒரு மாதத்திற்குள் அவளிடம் வந்த கூட்டத்தைப் பார்த்துப் பொருளாளரின் மனைவி அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "பெட்டி கத்துற கத்துல சாமி காதே செவிடாயிடும் போல."

அந்தப் பெண்ணுக்கு வேண்டியதெல்லாம் கூரை ஒன்றுதான். ஐப்பசி மழை வந்தால் பிளாஸ்டிக் தாள் காற்றில் பறந்துவிடும். நனைந்த பூ அரை நாளில் அழுகும். கார்த்திகை முடியும் வரை அவள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் தாளைப் பொறுத்தது. இதை எல்லாரும் அறிவார்கள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய திருநாள் கிடையாது. சுரங்கத்தில் மலைபோல் நிற்கும் இயந்திரங்களிலிருந்து, ஷிப்டு பஸ், சைக்கிள் பம்பு வரை எல்லாவற்றிற்கும் அன்று சந்தனமும் குங்குமமும் உண்டு. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். பஸ்ஸுக்கும் பெரிய இயந்திரத்திற்கும் இந்த வழக்கம் செல்லாது. அவை ஓடியாக வேண்டும். கைக்கருவி வைத்துப் பிழைக்கும் எளியவர்களிடம்தான் வழக்கம் தன் முழு வலிமையையும் காட்டும்.

அன்று விடியலில் அவள் நார் வெட்டும் கத்தரிக்கோலுக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் பொட்டு வைத்தாள். பிறகு அந்த அட்டை. அதன் இரண்டு பக்கத்துக் கட்டங்களிலும் மூன்று மூலைகளில் மட்டும் பெரிய சதுரங்கள் இருக்கும். நான்காவது மூலையில் இராது. அந்தச் சதுரங்களைச் சாமியின் முக்கண் என்றே எண்ணினாளோ, அல்லது வாசற்காலின் மூலைகளுக்கு வைப்பதுபோல் வைத்தாளோ, மூன்றின்மேலும் சந்தனத்தைக் கட்டியாக அப்பி நடுவில் குங்குமம் இட்டாள். அழகாகத்தான் இருந்தது. நான் உள்ளே போகும்போது பார்த்தேன். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

அபிடேகம் முடிந்து குழு வெளியே வந்தது. முதலில் உறவுக்காரனின் அட்டையைச் சோதித்தார்கள். அவன் பூஜைக்கென்று எதற்கும் பொட்டு வைத்திருக்கவில்லை. போனைக் காட்டிய மாத்திரத்தில் அவனுடைய பெட்டி பேசியது. பிறகு செயலாளர் இவளிடம் வந்து போனை நீட்டினார், நகர்த்தினார், தள்ளி நின்று நீட்டினார்.

"எடுக்கலியேம்மா."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் பேசிக்கினுதான் சார் இருந்திச்சி."

"நேத்து பேசினதுக்கு இன்னிக்குக் கடை குடுக்க முடியுமா?"

பொருளாளரின் மனைவி குனிந்து அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தன் நெத்தியில வைக்க முடியாததை எல்லாம் அட்டைக்கு வச்சு அழகு பாத்திருக்கா. அதான் அது வாயடைச்சுப் போச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு அல்ல; கோயில் வாசலில் சிரிக்கத் தகுந்த அளவான சிரிப்பு.

யூனிபார்மில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். "மூணு மூலையும் மறைஞ்சிருக்கு சார். அதை வச்சுத்தான் போன் அடையாளம் கண்டுபிடிக்கும். துடைச்சா எடுத்துரும்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அவள் முகம் தெளிந்தது. முந்தானையைச் சுருட்டினாள். அப்போது செயலாளர் மிக மென்மையான குரலில் சொன்னார்:

"ஏம்மா, பூஜை போட்டாச்சு இல்ல?"

"போட்டாச்சு சார்."

"பூஜை போட்ட சாமானை இன்னிக்கே எடுத்துப் பொட்டை அழிக்கலாமா? எனக்குத் தெரியலை. ஐயாவைக் கேப்போம்." என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க."

துடைக்கலாம் என்றேன். வேடன் ஒருவன் வாயில் கொணர்ந்து உமிழ்ந்த நீரையே திருமஞ்சனமாகக் கொண்டவன், வயிற்றுப் பிழைப்புக்காக ஒரு பொட்டைத் துடைத்தால் சினக்க மாட்டான் என்றேன். செயலாளர் கைகூப்பினார்.

"அது பாட்டுலங்க ஐயா. ஊர்ல வழக்கம்னு ஒண்ணு இருக்கே."

அந்தச் சொல்லோடு அது முடிந்திருக்கலாம். அவள் துடைத்திருப்பாள், கூட்டத்தின் முன் அட்டை பேசியிருக்கும், வேறு சாக்கு தேட அவர்களுக்கு நேரம் இருந்திராது. ஆனால் பொருளாளரின் மனைவி, கையில் இருந்த பிரசாதப் பூவைத் தலையில் செருகிக்கொண்டே சொன்னார்:

"துடைக்கட்டும் விடுங்க. பூஜையில வச்ச ஸ்பானரை எடுத்தா என்ன ஆகும்னு அவளைவிட நமக்கா தெரியும்?"

பூக்காரியின் கணவன் பம்புசெட் மோட்டார் பழுது பார்த்துவந்தவன். சில ஆண்டுகளுக்கு முன், ஆயுத பூஜையன்று, பயிர் காய்கிறது என்று ஒரு விவசாயி வந்து கெஞ்ச, பூஜையில் வைத்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தான். அன்று அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மாதத்திற்குள், வேறொரு வயலில், மின்சாரம் தாக்கி இறந்தான். மின்பிரிவில் வாழ்நாளைக் கழித்தவன் நான். ஈரத் தரையும் தோல் உரிந்த ஒயரும் சேர்ந்தால் எந்தத் திதியிலும் ஆள் சாவான் என்பதை அறிவேன். ஆனால் துக்கத்திற்கு வந்தவர்கள் ஒயரைப் பற்றிப் பேசவில்லை. ஸ்பானரைப் பற்றியே பேசினார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுருட்டிய முந்தானை அவள் கையிலிருந்து நழுவியது.

"இங்கே கொடு, நான் துடைக்கிறேன். பாவம் என்றால் என் தலையில் இருக்கட்டும்" என்று நான் கை நீட்டினேன். அவள் அட்டையைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வோணாங்கய்யா. கையெடுத்துக் கும்புடறேன், தொடாதீங்க. எம்பொண்ணு தெனம் கடலூருக்கு பஸ்ஸுல போயி வருதுங்கய்யா."

"நாளைக்குக் காலையில பாருங்க சார்" என்று செயலாளரிடம் திரும்பினாள். "மறுபூஜை போட்டு நானே தொடைக்கிறேன். ஒடனே பேசும் சார்."

"நாளைக்குக் கடைத் திறப்பும்மா. இன்னிக்குன்னு மைக்குல சொல்லியாச்சு. உனக்காக மாத்தினா நாளைக்கு ஒவ்வொருத்தரும் கேப்பாங்க." அவர் குரலில் கோபம் சிறிதும் இல்லை. "உன் பக்தியை நான் மதிக்கிறேன். அதுக்கு மேல என்ன செய்ய?"

கூட்டம் கலைந்தது. போகும்போது அவர் ஏதோ நினைவு வந்தவர்போல் நின்றார். "திறப்புக்கு மாலை மட்டும் நீயே கட்டிக் குடுத்துடு. உன் கைக்கட்டு மாதிரி யாருக்கும் வராது."

"சரிங்க சார்" என்றாள்.

விஜயதசமியன்று கடைமுன் பூசணிக்காய் உடைத்தார்கள். அவள் கட்டிய மாலை தகரக் கூரையின் நெற்றியில் தொங்கியது. சம்பங்கியும் மரிக்கொழுந்தும் இடையிடையே ரோஜாவும். மாலையின் அழகைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அந்தப் பக்கத்தில் அவள் குழாயடியில் நின்று, கற்பூரம் காட்டி எடுத்த அட்டையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு முழம் பூ வாங்கிப் போனைக் காட்டினேன். உடனே பெட்டி கூவியது. அவள் பெட்டியைப் பார்த்தாளே ஒழிய என்னைப் பார்க்கவில்லை. அன்று மாலையே, வாசலில் நெரிசல் என்று சொல்லி, நீலத் தாளையும் கழிகளையும் அகற்றச் சொன்னார்கள்.

பிறகு இரண்டு வாரம் அவளைக் காணவில்லை. நான் உள்ளே பாடினேன். செயலாளர் கண்மூடிக் கேட்டார். சில பண்களில் அவருக்குக் கண்ணீர் வழிந்தது. அது பொய்க் கண்ணீர் என்று சொல்ல என்னால் இயலவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், கோயிலுக்கு எதிர்ப்புறம் உள்ள பஸ் நிழற்குடையில் ஒதுங்கினேன். அவள் அங்கே இருந்தாள். சிமெண்ட்டுத் திண்டின்மேல் கூடை, அட்டை, பெட்டி எல்லாம் வரிசையாக. தலைக்குமேல் காங்கிரீட் கூரை; தகரத்தைவிட உறுதியானது. திண்டின் மறு ஓரத்தில் நைந்த சாக்கு விரித்து அருகம்புல் கட்டுகளை வைத்திருந்தாள் ஒரு முதியவள். பிள்ளையாருக்குச் சாத்த அருகம்புல் விற்பது அவள் தொழில்; எனக்குத் தெரிந்த நாள் முதல் அவள் இடம் அதுதான். நான் உள்ளே நுழைந்தபோது பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

"நான் இங்கியே குந்திக்கினு இருக்கறேனே தாயி, எத்தினி வருசமா."

"குந்திக்கினா எடம் உன்னுதா? யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா? போன் காட்டறவங்க நிக்க எடம் வோணும். அப்பால போ ஆயா."

"மழ பெய்யிதே."

"எனக்கும்தான் பெஞ்சிது."

முதியவள் சாக்கைச் சுருட்டினாள். புல்லை மடியில் கட்டிக்கொண்டு, சாக்கைப் பிரித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கூரையின் விளிம்புக்கு வெளியே ஓர் அடி தள்ளி நின்றாள். நின்று, தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "புருசன முழுங்கினவளுக்கு இந்த எடம் பத்தலியாம்."

பூக்காரி தலை நிமிரவில்லை. வாழைநாரை நனைத்து இரண்டு மல்லிகையை இணைத்து முடிச்சிட்டாள். அடுத்த இரண்டை எடுத்தாள். திண்டில் அவளுடைய கூடைக்கு அப்பால் நான்கு பேர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. இரண்டு பேருக்கும் இங்கே இடம் இருக்கிறதே அம்மா என்றேன்.

"இருக்குதுங்கய்யா" என்றாள் கையை நிறுத்தாமல். "குடுக்கத்தான் மனசு இல்ல."

ஷிப்டு பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் தலையைக் கையால் மறைத்துக்கொண்டு நிழற்குடைக்குள் ஓடிவந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக ஈரமான போன்களை அட்டைமுன் நீட்டினார்கள்.