ஒப்போசத்துக்கு ஒரு பிடி நார்

பக்கத்து வீட்டு பசீர் அகமது மில்பிடாஸில் சிப் டெஸ்ட் செய்யும் என்ஜினியர். கீழக்கரைக்காரர். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில், எங்கள் மலையடிவாரத் தெருவில், அவரைப் போல ஒரு சுத்தக்காரர் கிடையாது. அது ஒரு வியாதி என்றே நான் சொல்வேன். போன வருஷம் மேலே மலையில் தீப்பிடித்ததிலிருந்து வியாதி முற்றிவிட்டது. தோட்டத்தில் ஒரு காய்ந்த இலை கிடக்க விடமாட்டார்.

அந்தத் தீயில் மலையிலிருந்த பொந்து மரங்கள் எல்லாம் போய்விட்டன. அங்கிருந்து ஒரு ஒப்போசம் இறங்கி வந்து, அவர் வீட்டுப் பட்டுப்போன ஓக் மரப் பொந்தில் குடியேறியது. பூனை அளவுதான், கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கிற பிராணி. வால் உள்ள எதைக் கண்டாலும் நடுங்குகிற பசீர், பையிலிருந்து குட்டிகள் எட்டிப் பார்த்த அன்றைக்கே அடியோடு மாறிப்போனார்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் விடவில்லை. பட்ட மரம் தீக்கு ஆபத்து, வெட்டியே ஆகவேண்டும். சனிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் தாய் இடம் மாறாவிட்டால் குட்டிகளின் கதி? பசீர் ஒரு மரப்பெட்டி செய்து, வேலியோரம் இருந்த பச்சை ஓக்கில் கட்டினார். ஒப்போசம் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுநாளும் அதே கதை. மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் மனைவி ரோஷன் பேகம்தான் கண்டுபிடித்தாள்.

“என்னங்க, அது வால்ல இலையைச் சுருட்டி எடுத்துட்டுப் போய்த்தான் படுக்கை போடுமாம். நீங்க ஒரு இலை விடாம க்ளீன் பண்ணி வச்சிருக்கீங்க. வெறும் பலகையிலயா பிள்ளைங்களைப் போடும்?”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பசீர் வீடு வீடாகப் போய்க் காய்ந்த இலை கேட்டார். தீக்குப் பயந்து தெருவே துடைத்து வைத்திருந்தது. என்னிடம் வந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சிரிக்காதீங்க ஷ்யாமளா, ரொம்ப டென்ஷனா இருக்கு!”

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. என் மகள் விஷாகாவின் வளைகாப்புக்காக அன்று உரித்த தேங்காய்களின் நார் குப்பைக்கூடையில் நிறையக் கிடந்தது. அள்ளிக் கொடுத்தேன். பாதியைப் பெட்டிக்குள் திணித்தார், மீதியை அந்தப் பச்சை ஓக்கின் அடியில் போட்டார்.

இருட்டுகிற நேரத்தில் மூன்று பேரும் அவர்கள் வீட்டு ஜன்னலோரம் நின்றோம். தாய் பட்ட மரத்திலிருந்து இறங்கி வந்தது. நாரை வாயால் கவ்விப் பின்னால் தள்ளி, வாலில் சுருட்டிக்கொண்டது. முதுகில் குட்டிகளோடு பச்சை மரத்தில் ஏறிப் பெட்டிக்குள் போனது. காத்திருந்தோம். வெளியே வரவில்லை. கத்தப் போன ரோஷன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். பசீர் அவர்களை வாசலிலேயே நிறுத்தி, பிள்ளைகள் தூங்குகிறார்கள், கொஞ்சம் சத்தம் குறைவாக, என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார்.

எத்தனை பிள்ளைகள் என்று ஒருவன் கேட்டான்.

“எட்டு” என்றார் பசீர், பெருமையாக.