எர்மெலிந்தா மாட்டாத தகடு

எர்மெலிந்தா ஒல்கின். பிறப்பு: 12 மார்ச் 1957, நோரியா வியெஹா, ஸகாதேகாஸ் மாநிலம். திருமணம்: 1979. கணவர் எவரிஸ்தோ வடக்கே எல்லை தாண்டி வேலைக்குப் போனது: பிப்ரவரி 1994. அவரிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தின் தேதி: 9 ஆகஸ்ட் 1995. பிள்ளைகள் இல்லை. ஊர்க் கோயிலின் நன்றித் தகடுகள் அறைக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தது: 1998. பதிவேடு தயாரிக்க 2009இல் நான் அந்த அறையில் எட்டு மாதங்கள் இருந்தபோது சுவர்களில் தொங்கிய தகடுகள் 612.

எல்லாத் தகடுகளும் ஒரே முறையில் வரையப்பட்டவை. மேலே மேகத்துக்குள் புனித இசித்ரோ; நடுவில் நேர்ந்த ஆபத்து; கீழே இரண்டு மூன்று வரிகளில் யார், என்ன, எப்போது என்ற விவரம். வேண்டுதல் பலித்தவர் தகரத்தில் வரையச் சொல்லி மாட்டுவார். பலிக்காதவர் மாட்டுவதில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் நேரே இந்த அறைக்கு வந்துவிடுவார்கள். சராசரியாகப் பதினேழு பேர். ஒரு பிள்ளை ஏதாவது ஒரு தகட்டைக் கை காட்டும். பிள்ளைகள் மரியாதையாக 'தோன்யா எர்மி', அதாவது எர்மி அம்மா, என்று அழைக்கும் எர்மெலிந்தா அதைக் கதையாக்குவார். அதிகம் கேட்கப்பட்டது 88ஆம் எண். கிணற்றில் விழுந்த பன்றியை மீட்டதற்காக நிக்கானோர் என்பவர் மாட்டியது. அதில் பன்றி புனிதரைவிடப் பெரியது.

"நிக்கானோர் மேல நின்னு கயித்த இழுக்கிறாரு. பன்றி கீழேருந்து என்ன கத்துச்சு தெரியுமா? 'மெதுவா இழுய்யா, இன்னைக்குத்தான் குளிச்சிருக்கேன்!' மேல வந்ததும் எல்லாரும் புனிதருக்கு நன்றி சொல்றாங்க, நிக்கானோருக்கு நன்றி சொல்றாங்க. பன்றி மட்டும் நேரா கயித்துக்கிட்ட போயி அத ஒரு நக்கு நக்குச்சாம்."

சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "இந்த வாரம் உனக்குக் கயிறு பிடிச்சது யாரு?"

"எங்கக்கா. ஆனா அவகிட்ட நன்றின்னு சொன்னா தல கால் புரியாது, தோன்யா எர்மி."

"அப்ப அவ தூங்கறப்பச் சொல்லிட்டு ஓடிரு."

பிள்ளைகள் கொறித்துத் துப்பிய பூசணி விதைத் தோல்களை அவர் அன்றே பெருக்குவதில்லை. ஞாயிறு முழுவதும் அவை தரையில் கிடக்கும். திங்கட்கிழமை காலையில்தான் விளக்குமாற்றை எடுப்பார். வாரத்தின் மற்ற நாட்களில் அவருடன் பேசியவர்களை நான் ஒரு மாதம் குறித்து வைத்தேன்: பாதிரியார், பால்காரர், வழி கேட்ட வெளியூர்க்காரர் ஒருவர், நான்.

அக்டோபர் 3 அன்று, ஒன்பது வயது யாரெட்ஸி தகடு எதையும் கை காட்டவில்லை. "தோன்யா எர்மி, உங்க தகடு எது?" என்று கேட்டாள்.

பதினோரு ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி. எர்மெலிந்தா மேல் வரிசையைக் காட்டினார். "அதோ, அந்தக் கட்டில் பக்கத்துல முழங்கால் போட்டிருக்கேனே, அது நான்தான்." அந்த உயரத்தில் எழுத்தைப் படிக்க முடியாது என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் பதிவு வேலைக்காக நான் வைத்திருந்த ஏணி அங்கேயே நின்றது. யாரெட்ஸி மூன்றே எட்டில் ஏறினாள்.

"பிரிஹிதா ஒலாகெ. விஷக்காய்ச்சல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு!" என்று உரக்கப் படித்தாள். "ஐயோ, தோன்யா எர்மி, உங்களுக்கு நூறு வயசாச்சா?"

அறையே சிரித்தது. எர்மெலிந்தாவும் சிரிக்கப் பார்த்தார்.

யாரெட்ஸி ஏணியிலிருந்து இறங்கவில்லை. "அப்ப உங்களுதுன்னு ஒண்ணுமே இல்லையா? நீங்க யாருக்கும் நன்றி சொன்னதே இல்ல. எங்கள மட்டும் வாராவாரம் சொல்லச் சொல்றீங்க."

அக்டோபர் 10 அன்று இருவர் வந்தனர். 17ஆம் தேதி யாரும் வரவில்லை. வகுப்பு முடிந்த பிள்ளைகள் சதுக்கத்தில் பந்து விளையாடும் சத்தம் கதவு வழியே கேட்டது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எர்மெலிந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தத் திங்கட்கிழமை பெருக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பெருக்கினார்.

அன்றுதான் என்னிடம் சொன்னார். "அவரு திரும்பி வந்தா ஒரு தகடு மாட்டறேன்னு வேண்டிக்கிட்டேன். வரல. நான் எத மாட்ட? அந்தப் பொண்ணு கேட்டது சரிதான். ஆனா அந்த ஒரு மணி நேரமும் போச்சுன்னா, இந்தச் சுவத்தோடதான் பேசணும் நான்."

மறுநாள் அவர் சந்தையில் டயர் கடைக்குப் பக்கத்தில் தகடு வரையும் கிரெசென்சியோவைப் பார்க்கப் போனார். தகட்டின் அளவைக் குறிக்க நானும் உடன் போனேன்.

"என்ன அற்புதம் நடந்துச்சு, எர்மி?" என்று கேட்டார் கிரெசென்சியோ.

"ஒண்ணும் நடக்கல."

"ஒண்ணும் நடக்காததுக்குத் தகடா? லாரி கவுந்துச்சு, மாடு முட்டுச்சு, மாமியா ஊருக்குத் திரும்பிப் போனா... இப்படி ஏதாச்சும் சொன்னாத்தானே நான் வரைய முடியும்?"

"ஒரு பெஞ்சு வரைங்க. அதுல பதினேழு பிள்ளைங்க."

"ஆபத்து எங்க?"

"அவங்க இல்லாம பெஞ்சு மட்டும் இருக்கறதுதான் ஆபத்து."

கிரெசென்சியோ தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு ஒரு தகரத்தை எடுத்தார். "சரி. இசித்ரோவ எங்க வைக்க? மேகம் போட இடம் இருக்காது."

"ஓரமா நிக்க வைங்க. நான் கேட்டப்ப அவரு வேற சோலியா இருந்திருப்பாரு."

கீழே எழுத வேண்டியதை எர்மெலிந்தா சொல்லச் சொல்ல கிரெசென்சியோ எழுதினார்: "என் கணவர் எவரிஸ்தோ திரும்பி வர வேண்டினேன். வரவில்லை. சனிக்கிழமைகளில் வந்த பிள்ளைகளுக்கு நன்றி. அக்டோபர் 3 அன்று நான் அவர்களிடம் பொய் சொன்னேன். எர்மெலிந்தா ஒல்கின், 2009."

பலிக்காத வேண்டுதலைக் கோயிலில் மாட்டும் வழக்கம் இல்லை என்று பாதிரியார் தயங்கினார். பிறகு, விருப்பம்போல் செய்துகொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனார். எர்மெலிந்தா அதை வரிசைகளுக்குக் கீழே, ஏணி தேவைப்படாத உயரத்தில் மாட்டினார். யாரையும் கூப்பிடவில்லை.

நவம்பர் 7 அன்று பதினொன்றேகால் வரை பெஞ்சு காலியாக இருந்தது. அதன் பின் யாரெட்ஸி வாசலில் தலையை நீட்டினாள். புதிய தகட்டை அவளே கண்டுபிடித்தாள். இம்முறை உரக்கப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கடைசி வரியில் கொஞ்சம் நின்றாள். எர்மெலிந்தா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நான் எது?"

"இடப்பக்கம் மூணாவது."

"என் மூக்கு இப்படியா இருக்கு? எல்லாருக்கும் கிரெசென்சியோ மாமா மூக்கு!" அவள் வாசலுக்கு ஓடிச் சதுக்கத்தைப் பார்த்துக் கத்தினாள். "டேய், வந்து பாருங்கடா, உங்க மூக்க!"

பந்து விளையாட்டு நிற்கவில்லை. சிலர் மட்டும் வந்தனர். எர்மெலிந்தா 88ஆம் எண்ணுக்குக் கீழே போய் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

தகடு எண் 613. தகரத்தில் எண்ணெய் வண்ணம். 18 × 25 செ.மீ. வரையப்பட்ட பிள்ளைகள் பதினேழு. 7 நவம்பர் அன்று வந்தவர்கள் நான்கு பேர்.