பக்கத்துப் பெரிய ஊர்

அந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் வந்த கோபத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். நாங்கள் புலம்பெயர்ந்து குடியிருக்கும் வெரிபீ என்ற புறநகரில், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் துருக்கிக்கார அம்மாவுக்கு வந்த கடிதம் அது. எழுபதைத் தாண்டியவர். இடுப்பில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அவருக்கென்று மிஞ்சியிருப்பது ஊரில் ஒரு தங்கை மட்டும்தான். அவள் வந்து மூன்று மாதம் அம்மாவோடு இருப்பதற்கு விசா கேட்டிருந்தார்கள். விசா அலுவலகத்தார் மறுத்துவிட்டார்கள். இருவரும் சகோதரிகள் என்பதில் திருப்தி இல்லையாம். ஒரே வீட்டில் பிறந்ததாகச் சொல்கிறவர்களுக்குப் பத்திரங்களில் மூன்று பிறந்த ஊர்கள் இருக்கின்றனவாம்.

கோடு போடுவது என் தொழில். இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்தேன். இங்கே புதிய குடியிருப்புகளுக்குக் காணி பிரிக்கும் படங்களை வரைகிறேன். நேற்றுவரை மாடு மேய்ந்த வெளிக்கு இன்று நாங்கள் எல்லை போட்டால் நாளைக்கு அதற்கு ஒரு பெயரும் பலகையும் வந்துவிடும். மண் இருந்த இடத்தில்தான் இருக்கும். இந்தச் சின்ன விஷயம் விசா கொடுக்கிற ஒருவருக்கு விளங்காதா?

அந்த அம்மாவின் ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவர் வீட்டு மேசையில் தேநீர் குடித்த சனிக்கிழமைகளின் புண்ணியத்தில் அதைப் படமாகவே வரைவேன். மத்தியதரைக் கடலின் துருக்கிக் கரை. வடக்கே மலை, தெற்கே கடல், நடுவில் ஒடுங்கிய துண்டு நிலம். அதில் எலுமிச்சைத் தோட்டங்களும் பிளாஸ்ரிக் கூடாரங்களுக்குள் வாழையும். கோடையில் வெக்கை தாங்காமல் பாதிச் சனம் ஆடுகளோடு மலைக்கு ஏறிவிடும். கிராமத்துக்கு ஒரு முக்தார், எங்கள் விதானையார் மாதிரி ஊர் அலுவல் பார்ப்பவர். அவருக்கு மேலே கடற்கரைச் சிறுநகரத்தில் மாவட்ட அதிகாரி. அதற்கும் மேலே, பஸ்ஸில் பல மணி நேரம் தள்ளி, மாகாணத்தின் தலைநகரம்.

பிறகு ஒரு சட்டம் வந்தது. மாகாணம் முழுவதையும் ஒரே மாநகரம் ஆக்கினார்கள். இரவு கிராமத்தில் படுத்தவர்கள் காலையில் மாநகரத்தின் ஒரு வட்டாரத்தில் கண் விழித்தார்கள். ஆடும் மலையும் அப்படியே இருந்தன. மாநகரம் என்றதற்காக ஒரு பஸ்கூட அதிகமாக வரவில்லை. விசாவுக்காகத் தங்கை தன் பிறப்புப் பதிவின் புதுப் பிரதியை எடுத்தபோது, பிறந்த இடமாக மாவட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. கிராமம் என்ற பேச்சையே காணோம்.

நான் விசா அலுவலகத்துக்கு ஃபோன் அடித்தேன்.

“நீங்கள் சொல்லும் இடம் ஒரு சபர்பா?” என்று ஒருவன் கேட்டான்.

“கிராமம். இப்போது சட்டப்படி சபர்ப் மாதிரி.”

“அப்படியானால் ஏன் வேறு பெயர் இருக்கிறது?”

அவன் மரியாதையாகத்தான் பேசினான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கிளிநொச்சியை யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரித்த பிறகு எங்கள் ஆட்களிலும் அண்ணனுக்கு ஒரு மாவட்டம், தம்பிக்கு வேறு மாவட்டம் என்று பத்திரம் இருக்கிறது. அதற்காக அவர்கள் ஒரு வயிற்றில் பிறக்காதவர்களா? யாரோ மேசையில் இருந்து கோடு கீறுவார்கள், அகப்படுவது வயதுபோன ஒரு மனுசி!

அன்று பின்னேரமே முறையீடு எழுத உட்கார்ந்தேன். கிராமத்தின் பெயர் அம்மாவின் பழைய பிறப்புப் பதிவில் இருந்தது. மாவட்டம் தங்கையின் புதுப் பிரதியில். மூன்றாவது, அம்மா இங்கே கொடுத்த குடியுரிமை விண்ணப்பத்தில் இருந்த மாகாணத் தலைநகரம். அம்மா அங்கே இரண்டு தடவைதான் போயிருக்கிறார்.

“எந்த மடையன் இதை எழுதினவன்?” என்று கத்தினேன்.

குசினியிலிருந்து வந்த மனைவி, அந்தப் பழைய விண்ணப்பப் பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, இது உங்கட எழுத்தெல்லே?”

படவரைஞனின் சாய்ந்த பெரிய எழுத்து. மறுக்க வழியில்லை.

“நானோ எழுதினனான்?”

“ஓம். ஆர் கேட்டாலும் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம் எண்டு சொல்லிப் பழகி, அந்த மனுசிக்கும் ஒரு யாழ்ப்பாணத்தை எழுதி விட்டிருக்கிறியள்.”

ஞாபகம் வந்தது. அந்த விண்ணப்பத்தை அம்மாவுக்கு நிரப்பிக் கொடுத்தது நான்தான். பிறந்த இடம் எது என்று கேட்டபோது அம்மா கிராமத்தின் பெயரைத்தான் சொன்னார். என் காதில் அது சரியாக ஏறவில்லை. “பக்கத்தில் உள்ள பெரிய ஊர் எது?” என்று கேட்டு அதை எழுதினேன். ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை ஊர் பிரித்துச் சண்டை பிடிக்கும் நாங்கள், கடல் தாண்டியதும் தீவான், வடமராட்சியான் எல்லோரும் யாழ்ப்பாணம் ஆகிவிடுவோம். வெள்ளைக்காரனுக்கு விளங்காது என்று நாங்களே முந்திக்கொண்டு எங்கள் ஊரை அழித்துவிடுவோம். அதையே இன்னொருவரின் ஊருக்கும் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை.

“நான் அன்றைக்கே கவனித்தேன். நீ வரைபடம் தெரிந்தவன், காரணம் இருக்கும் என்று கையெழுத்து வைத்தேன்,” என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிழை என்னுடையது என்று சத்தியக்கடதாசி எழுதி, வரைபடமும் இணைத்து மறுபடி அனுப்பினோம். கோபம் மட்டும் ஆறவில்லை. என் பிழைக்கு நான் பொறுப்பு. ஆனால் மறுப்பதற்கு முன் அவர்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. பதில் வருவதற்குள் சத்திரசிகிச்சை நாள் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிப் படிவத்தில், கூட இருப்பவர் என்ற இடத்தில் அம்மா தங்கையின் பெயரை முன்னரே எழுதி வைத்திருந்தார். தாதி அதைப் பார்த்துவிட்டு, “இவர் வந்திருக்கிறாரா?” என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தார். “இல்லை,” என்றேன் நான். தாதி அந்தப் பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள்.